பீரோ நிறையத் துணி, உடுத்திக்கொள்ள ஒன்றுமில்லை: வாசகியரின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு நான்கு வயதில் ஒன்று, பத்து மாதத்தில் ஒன்று என இரண்டு குழந்தைகள். அலுவலகமும் போகிறேன். காலையில் உடை தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. தள்ளுபடியில் வாங்கிய துணிகளால் பீரோ வழிகிறது. ஆனாலும் இரண்டே இரண்டு டாப்களைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறேன். அதிகம் செலவழிக்காமல் நேர்த்தியாக உடுத்த எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அந்த இரண்டு டாப்களிலிருந்து தொடங்குங்கள். கை தானாகவே அவற்றைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டையும் கட்டில்மேல் விரித்து வைத்துப் பாருங்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எதுவரை வருகிறது, குனிந்து குழந்தையைத் தூக்கும்போது மேலே ஏறாத நீளமா, பாக்கெட் இருக்கிறதா, இஸ்திரி போடாமல் உடுத்த முடிகிறதா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது உங்களுக்கு வேண்டிய பட்டியல் அதுதான்.

அடுத்து, இரண்டு வாரத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். உடுத்தித் துவைத்ததை மட்டும் பீரோவில் வலப்பக்கமாக மாட்டி வாருங்கள். இரண்டு வாரம் கழித்து இடப்பக்கத்தில் மிஞ்சி நிற்பவற்றைப் பார்த்தால், நம் வாழ்க்கை ஒரு மாதிரியும் நாம் வாங்கும் துணி வேறு மாதிரியும் இருப்பது புரியும். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், மற்ற நேரமெல்லாம் குழந்தைகளோடு. விசேஷமோ மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். ஆனால் நம்மில் பலர் அந்த ஒரு நாளுக்குத்தான் விழுந்து விழுந்து வாங்கி வைத்திருக்கிறோம்.

நீங்கள் கேட்பதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ் 1970களில் ‘கேப்ஸ்யூல் வார்ட்ரோப்’ என்ற யோசனையைப் பரப்பினார். ஒன்றோடொன்று சேரும் சில நல்ல உருப்படிகள் இருந்தால் போதும் என்பதே அது. 1985இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் டோனா கேரன் ஏழே உருப்படிகளை வைத்து ஒரு தொகுப்பையே வெளியிட்டார். கணக்கு எளிது: மூன்று பேன்ட், ஆறு டாப் என்றால் பதினெட்டு விதமாக உடுத்தலாம். மேலே போட்டுக்கொள்ள ஒரு கோட்டோ கார்டிகனோ இருந்தால் அது இரட்டிப்பாகும். ஆனால் ஒரு நிபந்தனை. ஆறு டாப்பும் மூன்று பேன்டோடும் சேர வேண்டும். ‘இதற்கு ஏற்ற பேன்ட் பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்று ஒரு டாப்பை எடுத்தால், நீங்கள் வாங்கியது ஒன்றல்ல, இரண்டு. ஆகவே பேன்ட்களைக் கருநீலம், சாம்பல், கறுப்பு போன்ற அமைதியான நிறங்களில் எடுத்துவிட்டு, பிடித்த நிறங்களையெல்லாம் டாப்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தை இருப்பதால் நிறத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெள்ளையில் எல்லாக் கறையும் தெரியும் என்பது தெரிந்ததே. அழுக்குத் தெரியாது என்று நம்பி எடுக்கும் தனிக் கறுப்பிலோ, தோளில் கக்கிய பால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். நடுத்தர நிறத்தில் பொடிப் பூவோ பொடிக் கட்டமோ போட்ட துணிதான் இந்த வயதுக் குழந்தையோடு ஒத்துப்போகும்.

மலிவு எது என்பதிலும் கணக்கு வேண்டும். ஒரு டாப்பை ஐந்து முறை போட்டு ஒதுக்கிவிடுகிறீர்கள். அதைப்போல மூன்று மடங்கு விலையுள்ள பேன்ட்டைத் தொண்ணூறு முறை போடுகிறீர்கள். ஒரு முறை உடுத்த ஆகும் செலவில், டாப் பேன்ட்டைப்போல ஆறு மடங்கு. அதனால் பேன்ட்டுக்கும் செருப்புக்கும் தாராளமாகச் செலவழியுங்கள், கறைபட்டுச் சீக்கிரம் போகக்கூடிய டாப்களில் சிக்கனமாக இருங்கள் என்பேன்.

கேள்வி: கையில் குழந்தையை வைத்துக்கொண்டு கடையில் நின்று நிதானமாகப் பார்க்க முடிவதில்லை. நல்ல துணியா என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. விலைச்சீட்டைப் பார்க்கும் முன் உள்தையலில் இருக்கும் துவையல் சீட்டைப் பாருங்கள். நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பாதி விலைக்குக் கிடைத்ததே என்று ஒரு கவுன் எடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ட்ரைகிளீனிங் மட்டுமே செய்யலாம் என்ற குறி கண்ணில் பட்டது. இரண்டு முறை உடுத்தினேன், அவ்வளவுதான்.

அந்தக் குறிகளைப் படிப்பது எளிது. தண்ணீர்த் தொட்டிக்குள் 30 என்று இருந்தால் 30 டிகிரிக்கு மேல் சூடான நீர் ஆகாது. தொட்டிக்குள் கை இருந்தால் கைத்துவையல். தொட்டிமேல் பெருக்கல் குறி இருந்தால் வீட்டில் துவைக்கவே கூடாது. இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி வரை, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. மெஷினில் போட முடியாத துணி இப்போதைக்கு நமக்கு வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பிறகு நூல். பருத்தி நனைந்தால் வலுக்கூடும், அடிக்கடி துவைப்பதைத் தாங்கும். முதல் துவையலில் சற்றுச் சுருங்கும், அதனால் உடம்பைப் பிடிக்கும் அளவில் எடுக்காதீர்கள். விஸ்கோஸ் அல்லது ரேயான் மெத்தென்று அழகாக விழும், ஆனால் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். முறுக்கிப் பிழிந்தால் உருக்குலையும். பாலியெஸ்டர் கசங்காது, சீக்கிரம் காயும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பருத்தி கலந்த பாலியெஸ்டரில் உரசும் இடங்களில் சிறு சிறு பஞ்சு உருண்டைகள் எழும்பும், பாலியெஸ்டர் இழை வலுவானதால் அவை லேசில் உதிராது. பேன்ட்டில் எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல் 2 முதல் 5 சதவீதம் இருந்தால் தரையில் உட்கார்ந்து எழச் சுகமாக இருக்கும். அதிகச் சூடும் குளோரின் ப்ளீச்சும் அதற்கு எதிரி.

இனி கைச்சோதனை. துணியின் ஒரு மூலையை முஷ்டிக்குள் பத்து விநாடி கசக்கிப் பிடித்துவிடுங்கள். விரித்ததும் சுருக்கம் அப்படியே நின்றால், இஸ்திரி போட நேரமில்லாதவருக்கு அது வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து உங்கள் விரல்கள் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பக்கத் தையலை இரு கையாலும் லேசாக இழுத்தால் இடைவெளி விடக்கூடாது. கட்டம் போட்ட துணியில் இரு பக்கக் கோடுகளும் தையலில் சேர்ந்தால், தைத்தவர்கள் அக்கறையோடு தைத்திருக்கிறார்கள். ட்ரயல் ரூமில் நின்று மட்டும் பார்க்காமல் குந்துங்கள், குனியுங்கள், இரு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். நாள் முழுவதும் நாம் செய்யப்போவது அதைத்தானே.

கேள்வி: பிரசவமாகி ஏழு மாதம். பழைய அளவு திரும்பவில்லை. இளைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறேன். சரிதானா?

பதில்: காத்திருக்காதீர்கள். ஒரு உயிரைச் சுமந்து பெற்ற உடம்பு இது, இதற்கு இன்றைக்கே பொருத்தமான உடை வேண்டும். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உடையை ஒவ்வொரு நாளும் இழுத்துச் சரிசெய்துகொண்டே இருப்பது மனதையும் சோர்வடையச் செய்யும். நிறைய வேண்டாம். இடுப்பின் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் வைத்த பேன்ட் இரண்டும், முன்னால் பட்டன் திறக்கும் டாப்கள் மூன்று நான்கும் போதும். தோள் சரியாக இருக்கும் அளவில் எடுங்கள். பக்கங்களைப் பிடித்துத் தைப்பது எந்தத் தையற்காரருக்கும் சுலபம், தோளை மாற்றுவது கடினம், செலவும் கூடும். உள்ளே தையலுக்கு இருபுறமும் தாராளமாகத் துணி விட்டிருந்தால் பிரித்துப் பெரிதாக்கவும் முடியும். செருப்பையும் மறுபடி அளந்து வாங்குங்கள். கர்ப்பத்துக்குப் பின் சிலருக்குப் பாத வளைவு தாழ்ந்து பாதம் சற்று நீண்டுவிடும், அது திரும்பாமலும் இருக்கலாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினால் அளவு பாதி நேரம் தவறிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: எஸ், எம், எல் எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவற்றை நம்பாதீர்கள். நன்றாகப் பொருந்தும் உங்கள் டாப் ஒன்றைத் தரையில் பரப்பி, அக்குளுக்கு அக்குள், தோள், நீளம் மூன்றையும் அளந்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருளின் அளவுப் பட்டியலில் உடம்பின் அளவா, துணியின் அளவா எது போட்டிருக்கிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள். தள்ளுபடிப் பொருளைத் திருப்பி எடுப்பார்களா என்பதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். வந்ததும் அன்றைக்கே போட்டுப் பாருங்கள், சீட்டைக் கிழிக்காமல்.

கேள்வி: மற்றவர் உடுத்திய துணியை வாங்கலாமா? கூச்சமாக இருக்கிறது.

பதில்: தாராளமாக வாங்கலாம். கோட், ஜீன்ஸ், கர்ப்பகால உடைகள் போன்றவற்றைப் பலர் சில மாதமே உடுத்தியிருப்பார்கள். பலமுறை துவைத்த துணி இனிமேல் பெரிதாகச் சுருங்காது, போக வேண்டிய சாயமும் போயிருக்கும். அது நமக்கு லாபம். அக்குள், காலர் உள்பக்கம், பேன்ட்டின் தொடை இடுக்கு, இந்த மூன்று இடத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஜிப்பை நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். பட்டன் போயிருந்தால் தைத்துக்கொள்ளலாம், எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் மாற்றலாம். ஆனால் தொடைப் பக்கம் நூல் நைந்திருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளாடையும் தேய்ந்த செருப்பும் மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.