டின்னைத் திறந்தால் சோப்பு வாசனை: பழைய பாணி பைப் புகையிலை பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: லெஸ்டரில் இருக்கிறேன். பல வருடமாகப் பைப் பிடிக்கிறவன். செர்ரி, வெனிலா பவுச்சுகள் அலுத்துவிட்டன. பழைய காலத்து வாசனைப் புகையிலை ஒன்றைப் பார்க்கலாமே என்று, கென்டலில் தயாராகும் எனர்டேல் ஃபிளேக் 50 கிராம் இணையக் கடையில் வாங்கினேன். திறந்ததும் குளியல் சோப்பு வாசனை தூக்கியடிக்கிறது. கெட்டுப்போன சரக்கா? திருப்பி அனுப்பினால் பணம் கிடைக்குமா?

பதில்: சரக்கு கெடவில்லை. எனர்டேலின் வாசனையே அதுதான். அதற்காகவே தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரி மாவட்டத்தை ஒட்டி இருக்கிறது கென்டல். மூக்குப்பொடிக்கும் பைப் புகையிலைக்கும் பேர்போன ஊர். 1792-இல் அங்கே தொடங்கிய தொழில், பிற்பாடு சாமுவேல் காவித் என்றும் காவித் ஹாகர்த் என்றும் இரண்டு நிறுவனங்களாகப் பிரிந்தது. 2015-இல் இரண்டும் மறுபடி ஒன்றாயின. இந்த ஊர்ப் புகையிலைக்கு வாசனை சேர்க்கும் விதமே வேறு. நீங்கள் இதுவரை பிடித்த பவுச்சுகளில் பெரும்பாலும் பர்லி அல்லது பிளாக் கேவன்டிஷ் இருந்திருக்கும். பர்லி இலையில் சர்க்கரைச் சத்து மிகக் குறைவு, ஊற்றிய சாற்றையெல்லாம் குடித்துக்கொள்ளும். கேவன்டிஷை ஆவியில் வேகவைத்து அழுத்தி இனிப்பூட்டுகிறார்கள். அதன் மேல் வெனிலாவோ செர்ரியோ தாராளமாக ஏறும். எனர்டேல் அப்படி இல்லை. அடியில் கிடப்பது பெரும்பாலும் வர்ஜீனியா இலை, அழுத்தித் தகடு தகடாக வெட்டியது. வாசனை அதற்கு மேல் மெல்லிய பூச்சாக நிற்கிறது: பாதாம், பழம், வெனிலா, கூடவே பூ.

அந்தப் பூ வாசனைதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. முழுச் செய்முறையைத் தயாரிப்பாளர்கள் வெளியே சொல்வதில்லை. ஆனால் கென்டல் சரக்குகளில் பழகிய மூக்குக்கு இரண்டு வாசனைகள் உடனே பிடிபடும். ஒன்று, ரோஜாவை ஒத்த ஜெரேனியம். இன்னொன்று டாங்கா விதை. சாமுவேல் காவித் பெயரில் வரும் 1792 ஃபிளேக்கில் இந்த டாங்கா தூக்கலாகவே தெரியும். தென் அமெரிக்க மரம் ஒன்றின் விதை அது, கறுத்துச் சுருங்கியிருக்கும். அதில் கூமரின் என்ற பொருள் நிறைய உண்டு. அறுத்த புல் வெயிலில் காயும்போது எழும் மணம், கொஞ்சம் வெனிலா, கொஞ்சம் கசப்புப் பாதாம், எல்லாம் கலந்தாற்போல இருக்கும். 1868-இல் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்கின் கூமரினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். 1882-இல் பாரிஸின் ஊபிகான் நிறுவனம் தன் ஃபூஜேர் ரோயால் வாசனைத் திரவியத்தில் அதைச் சேர்த்தது. அதன் பிறகு சோப்பு, சவர நுரை, முகப் பவுடர் என்று எல்லாவற்றிலும் அது நுழைந்துவிட்டது. ஜெரேனியம் எண்ணெயும் சோப்பில் ரோஜாவின் வேலையைச் செய்கிற சரக்குதான். ஆக உங்கள் மூக்கு தவறாகச் சொல்லவில்லை. சோப்பில் நீங்கள் ஏற்கெனவே பழகிய பொருட்களையே இப்போது புகையிலையிலும் முகர்ந்திருக்கிறீர்கள்.

பணம் விஷயத்துக்கு வருவோம். பிரிட்டனில் இணையத்தில் வாங்கியதை, காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல 2013-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. ஆனால் சுகாதாரக் காரணத்துக்காக முத்திரையிட்டு விற்ற பொருளைத் திறந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். திறந்த புகையிலைக்குக் கடைக்காரர் இந்த விலக்கைத்தான் காட்டுவார். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, குறையுள்ள சரக்கை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் ‘வாசனை பிடிக்கவில்லை’ என்பது குறையாகாது. பூஞ்சை இருந்தாலோ, வேறு சரக்கு வந்திருந்தாலோ அது குறை. அப்போதும் கேட்க வேண்டியது விற்றவரிடம், தயாரிப்பாளரிடம் அல்ல.

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் மாற்றி வையுங்கள். பற்றவைத்த பிறகு பூ வாசனை பாதிக்கு மேல் அடங்கிவிடும். பைப்பின் கிண்ணத்தில் நிரப்பியதில் மூன்றில் ஒரு பங்கு எரிந்ததும் வர்ஜீனியாவின் வைக்கோல் இனிப்பு மேலே வரும். டின்னை முகர்ந்து மட்டும் இதை எடை போட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த முறை இந்த மாதிரிச் சரக்கை 50 கிராம் வாங்காதீர்கள். பழைய புகையிலைக் கடைகளில் குப்பியிலிருந்து எடுத்து நிறுத்து 25 கிராம் தருவார்கள். முகர்ந்து பார்க்கவும் விடுவார்கள்.

கேள்வி: என்னிடம் நல்ல பிரையர் மரப் பைப் ஒன்று இருக்கிறது. அதிலேயே இதைப் பிடிக்கலாமா? ஹாரோ வாசகர்.

பதில்: வேண்டாம். கென்டல் வாசனை பிரையர் கட்டையில் ஏறினால் லேசில் இறங்காது. அதற்குப் பிறகு எந்தப் புகையிலையைப் போட்டாலும் ரோஜா எட்டிப் பார்க்கும். இதற்கென்று விலை குறைந்த ஒரு பைப்பை ஒதுக்கிவிடுங்கள். சோளத்தக்கை பைப் போதும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மிசௌரி மீர்ஷம் நிறுவனம் 1869 முதல் செய்துவரும் பைப்புகள் பிரிட்டன் கடைகளிலும் கிடைக்கின்றன. பழக்கவும் வேண்டியதில்லை, முதல் தடவையே நன்றாக எரியும். களிமண் பைப்பும் நல்லதுதான், ஆனால் கிண்ணம் கையைச் சுடும்.

கேள்வி: வாசனைப் புகையிலை எதைப் பிடித்தாலும் நாக்கு எரிகிறது, பைப்புக்குள் களகளவென்று தண்ணீர் சத்தம். மட்டமான சரக்கை வாங்குகிறேனா? பர்மிங்காம் வாசகர்.

பதில்: சரக்கைவிட ஈரத்தையே சந்தேகப்படுங்கள். இனிப்பூட்டிய புகையிலை காயாமல் இருக்க புரொபிலீன் கிளைகால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். பவுச்சிலிருந்து எடுத்த கையோடு திணித்தால் அது எரிவதைவிட வேகிறது. எரியவில்லையே என்று நீங்கள் வேகமாக இழுக்கிறீர்கள், சூடான நீராவி நாக்கைச் சுடுகிறது. சர்க்கரை அதிகமுள்ள வர்ஜீனியாவில் எரிச்சல் இன்னும் கூடும்.

ஒரு கிண்ணத்துக்கு வேண்டியதை எடுத்துக் காகிதத்தில் பரப்பி வையுங்கள். அரை மணி, ஈரம் அதிகமானால் ஒரு மணி. பிறகு ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே அழுத்திவிட்டு விடுங்கள். கட்டியாக ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம். நொறுங்கினால் காய்ந்துவிட்டது. மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் அதுதான் பதம். ஃபிளேக் என்றால் தகட்டை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உதிர்த்துக்கொள்ளுங்கள். அடியில் தளர்வாக, மேலே போகப்போகச் சற்று அழுத்தமாக நிரப்புங்கள். முதலில் ஒரு தரம் பற்றவைத்து மேல்பரப்பைக் கருக்கி, லேசாக அமுக்கி, மறுபடி பற்றவையுங்கள். நடுவில் அணைந்தால் அணையட்டும். கிண்ணம் கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: மாமா மான்செஸ்டரிலிருந்து சென்னை வருகிறார். இரண்டு மூன்று டின் கொண்டுவரச் சொல்லலாமா? இங்கேயும் ஒரு கடையில் வெளிநாட்டு டின் இருக்கிறது, வாங்கலாமா? அண்ணாநகர் வாசகர்.

பதில்: விமானப் பயணி இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய புகையிலை 125 கிராம். 50 கிராம் டின் இரண்டு சரி, மூன்றாவது வரம்பை மீறிவிடும். 100 சிகரெட் அல்லது 25 சுருட்டு என்பதும் இதே சலுகைதான், மூன்றில் ஏதாவது ஒன்றுதான் கணக்கு. கிளம்பும் முன் மாமாவைச் சுங்கத் துறை தளத்தில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடை டின்னைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் புகையிலைப் பொருளின் முகப்பில் 85 சதவீதம் படத்தோடு கூடிய எச்சரிக்கை இருந்தாக வேண்டும், இறக்குமதிச் சரக்குக்கும் விலக்கில்லை. அந்தப் படம் இல்லாத டின் முறையான வழியில் வந்ததல்ல. எப்போது வந்தது, எந்த வெயிலில் கிடந்தது என்று கேட்க ஆளில்லாத சரக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. சிகரெட் பழக்கம் இல்லை. பைப்பில் புகையை உள்ளே இழுப்பதில்லையே, இந்த வாசனைப் புகையிலையில் தொடங்கினால் ஆபத்து குறைவுதானே? கோயம்புத்தூர் வாசகர்.

பதில்: தொடங்காதீர்கள் தம்பி. உதடு, வாய், தொண்டை, குரல்வளை, நுரையீரல் என்று பைப் கொண்டுவரும் புற்றுநோய்கள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கோடின் வாய்த் தோல் வழியே ஏறும், அதிலும் காற்றில் உலர்த்திய இலைகளின் புகை காரத்தன்மை உள்ளது என்பதால் சுலபமாக ஏறும். ரோஜாவும் பாதாமும் இதில் ஒரு துளியையும் குறைப்பதில்லை, முகத்தில் அடிக்கிற நெடியை மறைக்கின்றன, அவ்வளவே. மேலே உள்ள பதில்கள் ஏற்கெனவே பிடிப்பவர்கள் காசை வீணாக்காமல் இருப்பதற்காக எழுதியவை. அந்த டாங்கா மணம்தான் உங்களை இழுக்கிறது என்றால், ஃபூஜேர் வகை வாசனைத் திரவியம் ஒன்றை வாங்கிச் சட்டையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரொம்ப நாள் வைத்திருந்த ஃபிளேக் டின்னைத் திறந்தேன். தகடுகளின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பிடிக்கலாமா? கார்டிஃப் வாசகர்.

பதில்: வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொடிப் பொடியாக மின்னி, தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் அது இலையிலிருந்து வெளியே வந்த படிவமாக இருக்கும், பயமில்லை. பஞ்சு போல மேலெழுந்து, நூல் நூலாகத் தெரிந்து, நனைந்த பழைய துணியின் வாடை அடித்தால் பூஞ்சை. கெட்ட தகட்டை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மொத்தத்தையும் குப்பையில் போடுங்கள். வாங்கி 30 நாள் ஆகவில்லையென்றால் போடுவதற்கு முன் படம் எடுத்து, ரசீதோடு கடைக்கு அனுப்புங்கள்.