இரவு பத்தரைப் பசி காலையிலேயே கிளம்பிவிடுகிறது

கேள்வி: எனக்கு வயது 36. சிங்கப்பூரில் செங்காங்கில் வீவக அடுக்குமாடி வீடு, தஞ்சோங் பகாரில் அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள். உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. ஐந்து மாதமாக எடையைக் குறைக்கப் பாடுபடுகிறேன். காலையில் கோப்பி-ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி) மட்டும். மதியம் சோறு, மீ (நூடல்ஸ்) எதுவும் இல்லாமல் யோங் தாவ் ஃபூ (தவ்வும் காய்கறியும் போட்ட) சூப். மாலை ஏழு மணிக்குள் ஓர் ஆப்பிள், அதோடு சரி. பகலெல்லாம் இப்படி இருந்துவிட்டு, வாரத்தில் மூன்று இரவாவது பிள்ளைகள் தூங்கியதும் பத்தரை மணிக்குச் சமையலறையில் விளக்குகூடப் போடாமல் நின்றுகொண்டு முறுக்கு, காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டி, மிச்ச பிரியாணி, பிள்ளைகளின் ஐஸ்கிரீம் என்று வயிறு வலிக்கும்வரை தின்கிறேன். ருசிகூடத் தெரிவதில்லை. வாந்தி எடுப்பதில்லை, மறுநாள் பட்டினி கிடந்து சரிக்கட்டுவேன். அம்மா, "வாயைக் கட்ட முடியலேன்னா எதுக்குடி டயட்டு?" என்கிறார். போன வாரம் ஒன்பது வயது மகள் தண்ணீர் குடிக்க வந்து பார்த்துவிட்டாள். "பசிக்குதாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மனவுறுதி இல்லாதவளா நான்? எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மருத்துவர் பதில்:

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது பிரியாணியில் இல்லை, காலைக் கோப்பியில். முந்தின இரவு சாப்பிட்டது போக, மறுநாள் காலை ஏழிலிருந்து இரவு பத்தரை வரை பதினைந்தரை மணி நேரத்துக்கு ஒரு கோப்பி, ஒரு சூப், ஓர் ஆப்பிள். இதோடு அலுவலகம், ரயில், சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம். மனவுறுதி இல்லாதவர்களால் இதை ஐந்து நாள்கூடச் செய்ய முடியாது. நீங்கள் ஐந்து மாதம் செய்திருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் மனமும் நன்றாக இருந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். 24 வாரங்களுக்கு அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடு, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,600 கலோரி. இன்று பல டயட் தாள்கள் இதைவிடக் குறைவாகவே கொடுக்கின்றன! நாள் போகப் போக அந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு பலர் வயிறு புடைக்கத் தின்றார்கள். தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். இவர்களில் யாருக்கும் முன்பு அந்தப் பழக்கம் கிடையாது. பட்டினிதான் அதைக் கொண்டுவந்தது.

உடம்புக்கு நீங்கள் எடை குறைக்கிறீர்களா, பஞ்சத்தில் மாட்டிக்கொண்டீர்களா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எடை இறங்கும்போது பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. கொழுப்பிலிருந்து வந்து 'போதும்' என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. எடை குறைந்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்த மாற்றம் நீடிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பகலில் நீங்கள் கொடுக்காமல் வைத்த பாக்கியை இரவு கந்துவட்டிக்காரன்போல வந்து வாசலில் நின்று வசூலிக்கிறது உடம்பு.

நானும் ஒரு காலத்தில் 1,200 கலோரி என்று அச்சடித்த தாளை நோயாளிகள் கையில் கொடுத்து அனுப்பியவன்தான். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வராதவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்திருக்கிறேன். வெட்கப்பட்டு வராமல் இருந்திருப்பார்கள் என்பது வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

இனி இதற்கு என்ன பெயர் என்று பார்ப்போம். குறுகிய நேரத்தில், மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாக, நிறுத்த முடியவில்லையே என்ற உணர்வோடு சாப்பிடுவது. வேகமாக, வயிறு வலிக்கும்வரை, யாரும் பார்க்காதபடி தின்றுவிட்டுப் பிறகு தன்மேலேயே அருவருப்புக் கொள்வது. வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி மூன்று மாதம் தொடர்ந்தால் அதை 'பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்', அதாவது கட்டுமீறி உண்ணும் கோளாறு என்கிறோம். 2013லிருந்து அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் உண்டு. உங்கள் விஷயத்தில் ஒரு சிறு சிக்கல்: தின்றதை ஈடுகட்ட மறுநாள் வழக்கமாகப் பட்டினி கிடப்பது 'புலிமியா' என்ற இன்னொரு கோளாறின் அடையாளம். புலிமியா என்றால் வாந்தி எடுப்பது மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படியில்லை. எது என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான்.

எடையைக் குறைக்கும் முயற்சியைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ உங்களுக்கு ஏறத்தாழ 33. ஆசியர்களுக்கு 27.5க்கு மேல் போனாலே நீரிழிவு, இதயநோய் ஆபத்து அதிகம் என்று இங்கே கணக்கு வைத்திருக்கிறோம். அதனால் எடை முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டையை அடைக்காமல் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கோளாறுக்குச் சிகிச்சை நடக்கும்போது டயட் வேண்டாம், அது மறுபடியும் தூண்டிவிடும் என்றுதான் பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டியும் சொல்கிறது. இரவுத் தீனி நின்று இரண்டு மூன்று மாதம் ஆகட்டும். அதன்பிறகு நிதானமாக ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் நல்ல மாற்றம் தெரியும்.

சரி, நாளைக் காலையிலிருந்து என்ன செய்வது? நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பசித்தாலும் பசிக்காவிட்டாலும். மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிறு தீனி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. காலையில் இரண்டு தோசை, நிறைய சாம்பார், ஒரு முட்டை. மதியம் அதே யோங் தாவ் ஃபூ கடைக்குப் போங்கள், ஆனால் மீயும் போடச் சொல்லுங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: பாதித் தட்டுக் காய்கறியும் பழமும், கால் தட்டுப் புரதம், கால் தட்டு முழுதானியம். சோற்றுக்கு அதில் இடம் இருக்கிறது. சோற்றை வில்லனாக்கியது யார் என்றே எனக்குப் புரியவில்லை.

எல்லாவற்றையும்விட மாலை நாலரை மணித் தீனியை விடாதீர்கள். அலுவலக மேசையில் கடலை, வாழைப்பழம், சுண்டல், சர்க்கரை போடாத தயிர் என்று ஏதாவது இருக்கட்டும். தஞ்சோங் பகாரிலிருந்து செங்காங் போய்ச் சேர ஒரு மணி நேரம். இறங்கியதும் பேரங்காடி, பிறகு அடுப்படி. வெறும் வயிற்றோடு இந்தப் பாதையைக் கடந்தால் வெங்காயம் நறுக்கும்போதே தோற்றுவிடுவீர்கள். இரவுச் சாப்பாடு பிள்ளைகளோடு, அதே சாப்பாடு. உங்களுக்கென்று தனியாக ஓர் ஆப்பிள் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் எடை கொஞ்சம் ஏறலாம். பயப்படாதீர்கள். இருப்பு வைக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரை உடம்பு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரவு நிறையத் தின்றுவிட்டு மறுநாள் காலை எடை பார்த்து ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டதென்று அழுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரையும் உப்பையும்தான். எடைக் கருவியை அலமாரி மேலே தூக்கி வையுங்கள். வாரம் ஒரு முறை எடுத்தால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிட்ட பிறகும் சில இரவுகளில் கால் குளிர்பதனப் பெட்டியை நோக்கிப் போகும். ஏனென்றால் பத்தரை மணி என்பது பசியின் நேரம் மட்டுமில்லை. காலை ஆறரையிலிருந்து மேலதிகாரிக்கு, பிள்ளைகளுக்கு, கணவருக்கு, தொலைபேசியில் அம்மாவுக்கு என்று ஓடியவருக்கு அதுதான் முதன்முதலாகக் கிடைக்கும் சொந்த நேரம். அந்த நேரத்தில் கேள்வி கேட்காமல் கிடைக்கிற ஒரே ஆறுதல் சாப்பாடு. ஆகவே வெறுமனே 'போகாதே' என்று உங்களுக்கு நீங்களே உத்தரவு போட்டால் நடக்காது, அந்த நேரத்துக்கு வேறொன்று வேண்டும். வெந்நீரில் குளியல், அக்காவுக்கு ஒரு போன், கீழே இறங்கிப் புளோக்கைச் சுற்றி ஒரு நடை. உந்துதல் அலைபோல எழும்பும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் தானே இறங்கும். அதுவரை சமையலறையில் நிற்காமல் இருந்தால் போதும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் மணி எத்தனை, என்ன சாப்பிட்டீர்கள், அதற்கு முன் என்ன நடந்தது, மனம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். கலோரி எழுத வேண்டாம். மூன்று வாரத்தில் அந்த நோட்டு உங்களுக்கே பல விஷயங்களைச் சொல்லும். என்னிடம் வந்த ஒருவருக்கு, தின்னத் தூண்டுவது மாதாந்திர அலுவலகக் கூட்டம் முடிந்த இரவுகள் என்று தெரிந்தது. இன்னொருவருக்கு மாமியார் வந்துபோன ஞாயிறுகள்.

அப்படியும் ஓர் இரவு தின்றுவிட்டால்? விளக்கைப் போடுங்கள். தட்டில் வையுங்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள். மறுநாள் காலை வழக்கம்போல அதே இரண்டு தோசை. இந்தப் பதிலில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தத் தோசையை மறக்காதீர்கள். பட்டினியில் தொடங்கும் அந்தக் காலைதான் அடுத்த இரவைப் பெற்றெடுக்கிறது. வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவரென்றால், கடவுளுக்காக இருப்பதையும் எடைக்காக இருப்பதையும் மனசாட்சியோடு பிரித்துப் பாருங்கள். பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போடும் இப்போதைய நாகரிகம் மற்றவர்களுக்கு எப்படியோ, உங்களுக்கு ஆகாது.

ஊசி பற்றி. செமாகுளூடைட் போன்றவை பசியைக் குறைத்து எடையைக் குறைக்கும், உண்மை. ஆனால் அவை கட்டுமீறி உண்ணும் கோளாறுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்துகள் அல்ல. ஓர் ஆய்வில், ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. பகல் பட்டினி மாறாமல் ஊசியும் சேர்ந்தால், சத்தில்லாமல் இளைப்பீர்கள், அவ்வளவுதான். பின்னாளில் உங்கள் மருத்துவர் அது வேண்டும் என்று சொல்லலாம், அதை அவரோடு பேசுங்கள். இணையத்தில் விற்கும் 'ஸ்லிம்மிங்' கோப்பியும் மிட்டாயும் மட்டும் வேண்டவே வேண்டாம். இதயத்துக்குக் கேடு என்று 2010ல் இங்கே சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, அப்படிப்பட்ட பொருள்களில் இன்னமும் கண்டுபிடிக்கப்படுகிறது.

நன்றாகப் பலன் தருவது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை, சிபிடி என்பார்கள். உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பக்கத்துப் பலதுறை மருந்தகத்திலோ, இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். 'எடை குறைக்கணும்' என்று மட்டும் சொன்னால் உங்களுக்கும் ஒரு தாள்தான் கிடைக்கும். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் பசியைத் தூண்டும் என்பதால் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் உணவுக் கோளாறுகளுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். வாந்தி எடுக்கவோ பேதி மாத்திரை போடவோ தொடங்கினால், நெஞ்சு படபடத்தால், மயக்கம் வந்தால் காத்திருக்காதீர்கள். மனம் மிகவும் சோர்ந்த இரவில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767.

அம்மாவிடம் சண்டை வேண்டாம். நம் வீடுகளில் "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்பதும் "என்னடி இப்படிப் பெருத்துட்டே" என்பதும் ஒரே வாயிலிருந்துதான் வரும், ஒரே நாளில் வரும். "டாக்டர் மூணு வேளையும் சாப்பிடச் சொல்லியிருக்கார், என் உடம்பப் பத்தி மூணு மாசத்துக்குப் பேச வேணாம்மா" என்று சொல்லிவிடுங்கள். பழியை என்மேல் போடலாம். கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். காவல் காக்க வேண்டாம், பத்தரைக்கு உங்களோடு கீழே நடக்க வந்தால் போதும்.

மகளின் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கேட்டது சரியான கேள்வி. இத்தனை நாளில் உங்களிடம் அதை வேறு யாரும் கேட்கவில்லை. இன்னொரு நாள் கேட்டால், "ஆமாண்டா, பசிக்குது. அம்மா பகல்ல சரியா சாப்பிடல" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மேசையில் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.