ஓரிதழ்த் தாமரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் கேப்பர் மலைப் பக்கம் மனை வாங்கியிருக்கிறோம். ஆடியில் பொக்லைன் விட்டு, பழைய முந்திரி வேர்களை எடுத்துச் சமன் செய்தோம். மழைக்குப் பிறகு அந்தச் செம்மண்ணில் முழங்கால்கூட எட்டாத ஒரு செடி அங்கங்கே முளைத்திருக்கிறது. ஊதா கலந்த ரோஸ் நிறப் பூ. ஆனால் ஒரே ஒரு இதழ்தான். மற்றதைப் பூச்சி தின்றுவிட்டதா? பக்கத்து மனைக்காரர் கொழிஞ்சி என்கிறார். தையில் வேலை தொடங்குவதற்குள் களைக்கொல்லி அடித்துவிடவும் சொல்கிறார். படம் இணைத்திருக்கிறேன்.

கே.எஸ்., கடலூர்

அன்புள்ள கே.எஸ்.,

பூச்சி எதுவும் தின்னவில்லை. உங்கள் மனையில் பூத்திருப்பது ஓரிதழ்த் தாமரை. படத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இதழ் உண்மையில் ஐந்து. நான்கு மிகச் சிறியவை, பச்சைப் புல்லி இதழ்களோடு ஒட்டி நிற்பதால் கண்ணில் படுவதில்லை. காலையில் ஒரு பூவைப் பக்கவாட்டில் திருப்பி உற்றுப் பாருங்கள். பெரிய இதழ் அடியில் குறுகி, மேலே போகப்போக அகன்று விரியும். அது தொடங்கும் இடத்தில் பின்பக்கமாகச் சின்னதாக ஒரு பை துருத்திக்கொண்டிருக்கும். வயலட் குடும்பத்துப் பூக்கள் பலவற்றில் இந்தப் பையைப் பார்க்கலாம். 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடியை வயலட்டுகளின் வயோலா பேரினத்தில்தான் சேர்த்தார். பிற்காலத் தாவர நூல்கள் பலவற்றில் இதன் பெயர் ஹைபாந்தஸ் என்னியாஸ்பெர்மஸ் என்று இருக்கும்.

கொழிஞ்சி என்று உங்கள் பக்கத்து மனைக்காரர் சொன்னதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே மாதிரி நிலத்தில் வரும், நிறமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் நிறத்தை வைத்துச் செடியை அடையாளம் சொல்லக்கூடாது. கொழிஞ்சிப் பூவில் பெரிய இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும், இதில் கீழே இருக்கும். கொழிஞ்சிக்கு ஒரு காம்பில் பல சிற்றிலைகள். இதற்குக் குறுகி நீண்ட தனி இலைகள், ஒன்று மாற்றி ஒன்றாக. இதெல்லாம் குழப்பினால் காயைப் பாருங்கள். கொழிஞ்சியில் தட்டையான அவரை போன்ற காய். ஓரிதழில் உருண்டைக் காய், மெல்லிய காம்பில் தனியாக இருக்கும். முற்றியதும் அது மூன்றாகப் பிளக்கும். பிளந்த பாகங்கள் காயக் காய உள்பக்கமாக இறுகி விதைகளை நெருக்கும், ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் அழுத்தினால் தெறிப்பதுபோல அவை தெறித்துப் போகும்.

கிளறிய மண்ணில் முளைப்பதெல்லாம் வெளியூர்ச் செடி என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. அதற்குக் காரணமும் இருக்கிறது. பார்த்தீனியம், வெட்டுக்காயப் பூண்டு, உண்ணிச்செடி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆனால் ஓரிதழ் இந்த மண்ணின் செடி. தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும் மணல் கலந்த செம்மண்ணும் நல்ல வெயிலும் இருந்தால் போதும். புதர் மண்டினால் அதன் நிழலில் இதனால் நிற்க முடியாது. உங்கள் பொக்லைன் அதற்கு வெயிலைத் திறந்துவிட்டிருக்கிறது.

சித்த மருத்துவத்தில் சமூலமாக, அதாவது வேரோடு பிடுங்கிப் பயன்படுத்துவார்கள். வேரோடு போனால் விதைக்கு மிஞ்சுவதில்லை. நம்மூர்ப் பக்கம் இது பூத்து நின்றால் பறிக்க ஆள் வந்துவிடுகிறது. நீங்களும் படத்தை நம்பிப் பறித்துச் சாப்பிட வேண்டாம்.

களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். கடைக்கால் தோண்டும்போது அந்த இடத்துச் செடிகள் எப்படியும் போய்விடும், அதற்கு மேல் மருந்து எதற்கு? வேலியோரம் இரண்டடி அகலத்துக்கு மண்ணைத் தொடாமல் விட்டுவிடச் சொல்லுங்கள், கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் இருக்கும் செடிகளில் காய் வெளிறத் தொடங்கியதும் கிள்ளி, காகித உறையில் போட்டு வாயை மடித்து வையுங்கள். திறந்த தட்டில் வைத்தால் விதை தெறித்துவிடும். பிறகு வேலியோரம் வெயில் படும் இடத்தில் தூவுங்கள்.

அப்புறம், பூவைப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றும் காயின் படம் ஒன்றும் அனுப்புங்கள். அந்தப் பையைப் பார்க்க வேண்டும்.