ஹோமரின் கரும்பலகை: கேள்வி பதில்

1998 செப்டம்பரில் வந்த தி சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரின் எபிசோட் ஒன்றில், எடிசன் மாதிரி ஆகவேண்டும் என்று அதன் நாயகன் ஹோமர் கரும்பலகை முன் நிற்பார். சில நொடிகள்தான் வரும் காட்சி. அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: பலகையில் 3987¹² + 4365¹² = 4472¹² என்று இருக்கிறது. இடப்பக்கத்தைக் கூட்டிப் பன்னிரண்டாம் மூலம் எடுத்தால் என் கால்குலேட்டரும் 4472 என்றே காட்டுகிறது. கணித மேதை ஃபெர்மா சொன்னது தப்பா?

பதில்: தப்பில்லை. இரண்டுக்கு மேற்பட்ட அடுக்கில் இப்படி முழு எண்கள் அமையாது என்று அவர் 17ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் 1995இல் அச்சானது. உங்கள் கால்குலேட்டர் காட்டுவது பத்து இலக்கம், விடையோ 44 இலக்கம். இரண்டு பக்கமும் 6397665634 வரை ஒன்றாகவே போகும். பதினோராவது இலக்கத்தில் இடப்பக்கம் 9, வலப்பக்கம் 8. எழுத்தாளர் டேவிட் எக்ஸ். கோஹன் இப்படி மயிரிழையில் தப்பும் எண்களைத் தேடவே கணினி நிரல் எழுதியவர்.

கேள்வி: கடைசி இலக்கமும் பொருந்துகிறதே! 3987¹² முடிவது 1இல், 4365¹² முடிவது 5இல், 1 + 5 = 6. 4472¹² முடிவதும் 6இல்தான்.

பதில்: அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள். 1995இல் வந்த ஹாலோவீன் எபிசோடில் 1782¹² + 1841¹² = 1922¹² என்று இருந்தது. இரட்டைப்படையோடு ஒற்றைப்படையைக் கூட்டினால் இரட்டைப்படை வராது, பார்த்ததுமே சாயம் வெளுத்துவிடும். 1998இல் அந்த ஓட்டை அடைபட்டது. ஆனால் 3987இன் இலக்கங்களைக் கூட்டினால் 27, 4365க்கு 18. இரண்டுமே 3ஆல் வகுபடும், அதனால் இடப்பக்கக் கூட்டலும் வகுபடும். 4472க்கு 17, வகுபடாது. கதை முடிந்தது.

கேள்வி: கால்குலேட்டரில் சரியாகத்தானே வருகிறது?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ராமானுஜனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ராமானுஜன் எண் எனப்படும் 1729ஐ 9³ + 10³ என்றும் எழுதலாம், 12³ + 1 என்றும் எழுதலாம். அதாவது 9³ + 10³ = 12³ என்பது ஒன்றே ஒன்றில் தவறுகிறது! ஹோமரின் பலகையில் இருப்பதும் இதே ஜாதிதான். கோஹன் பங்கெடுத்த இன்னொரு கார்ட்டூன் தொடரான ஃபியூச்சராமாவில் நிம்பஸ் என்ற விண்கலத்தின் எண்ணிலும் 1729 உண்டு.

கேள்வி: அதே பலகை ஹிக்ஸ் போசான் என்ற அணுத்துகளின் நிறையை முன்பே கணித்ததாமே?

பதில்: பலகையில் அதற்கென இருக்கும் வேறொரு சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 775 ஜிஇவி (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) வரும். 2012இல் கண்டுபிடித்த துகளின் நிறை சுமார் 125. எபிசோட் 14 ஆண்டு முந்தியது என்பது உண்மை, எண் உண்மையில்லை.

கேள்வி: டிரம்ப் எஸ்கலேட்டரில் இறங்கியதையும் சிம்ப்சன்ஸ் முன்பே காட்டியதாமே?

பதில்: ஒளிபரப்பான தேதியைப் பாருங்கள். அந்தக் குறும்படம் 2015இல், அவர் இறங்கிய பிறகு வந்தது.

கேள்வி: வேறு என்னென்ன கணித்தார்கள்?

பதில்: தேதி, தேதி, தேதி. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: ஹோமர் 1993இலிருந்து கோமாவில் இருக்கிறார் என்கிற தியரி?

பதில்: 1992 அக்டோபர் எபிசோடில் ஹோமர் சாக ஆறு மாதம் என்று கடவுள் கெடு சொன்னார், 1993 ஏப்ரல் 1இல் கோமா எபிசோட். தேதி பொருந்துவதால் எனக்கும் இந்தத் தியரி பிடிக்கும். ஆனால் தொடரை நடத்திய ஆல் ஜீன் இதை மறுத்துவிட்டார்.

கேள்வி: கால்குலேட்டர் கேள்வி கேட்டவன்தான். இரட்டைப்படை, 3, கடைசி இலக்கம் எல்லாவற்றையும் தாண்டும் எண்கள் கிடைத்தால்?

பதில்: கிடைக்கலாம், தேடுங்கள். முழுப் பெருக்கலில் எங்காவது ஓர் இலக்கம் கட்டாயம் மாறும். வைல்ஸ் நிரூபித்தது அதைத்தான்.