படத்தில் பார்த்த இடம்

வணக்கம் சார்,

நில அளவை, வரைபடம் பற்றியெல்லாம் நீங்கள் எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ராணுவத்தில் 17 வருடம் முடியப்போகிறது. அதில் 12 வருடம் செயற்கைக்கோள் படங்களையும் விமானப் படங்களையும் பார்த்து ரிப்போர்ட் எழுதும் வேலை. வரும் மார்ச்சில் ஓய்வு. வயது 37. மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

சிவிலில் இதே வேலை கிடைக்குமா என்று தேடினேன். எல்லா விளம்பரமும் பைத்தான் என்ற கணினி நிரல் மொழி தெரியுமா, ஜிஐஎஸ் என்ற புவித் தகவல் முறையில் பட்டம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. என்னிடம் இருப்பது அஞ்சல் வழியில் வாங்கிய பி.ஏ. வரலாறு. செய்த வேலையை வெளியே சொல்லவும் முடியாது. அந்த 12 வருடத்துக்கு பயோடேட்டாவில் என்ன எழுதுவது? மச்சான் ஒரு வங்கியில் செக்யூரிட்டி வேலை சொல்லி வைத்திருக்கிறார். துப்பாக்கி பிடித்தவனுக்கு அதுதான் பொருத்தம் என்கிறார். நான் துப்பாக்கியைவிட மவுஸைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். கற்றுக்கொண்டதெல்லாம் வீண்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுத்துப் பக்கம் வருவதற்கு முன்னால் ஆறு வருடம் நானும் படம் படித்துத்தான் சோறு சாப்பிட்டேன், ஒரு தனியார் நிறுவனத்தில். அங்கே எனக்குப் பக்கத்து நாற்காலியில் உங்களைப் போல ராணுவத்திலிருந்து வந்தவர் ஒருவர் இருந்தார். சுபேதாராக ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘சுபேதார் சார்’தான். உங்கள் கேள்விக்கு அவரை வைத்துப் பதில் சொல்வதே எனக்குச் சுலபம்.

நாகப்பட்டினம் கடலோரத்தில் நெல் பரப்பைக் கணக்கிடும் வேலை. மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொள்ளும் என்பதால், மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் ரேடார் படம். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் ரேடாரில் கறுப்பாகத் தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும். மென்பொருள் அந்த மாற்றத்தைப் பிடித்துத்தான் ‘நெல்’ என்று நிறம் போட்டுவிடும். வேதாரண்யம் பக்கம் ஏழு கட்டங்களுக்கு அப்படிப் போட்டிருந்தது. சுபேதார் சார் அதே இடத்தின் தெளிவான இன்னொரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வயல் வரப்புக்கு இவ்வளவு நிழல் விழாது, கரை உயரம் என்றார். மூலை நேராக வெட்டியிருக்கிறது என்றார். தண்ணீருக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் வால் மாதிரி ஒரு கோடு. காற்றடிக்கும் சக்கரம், அதில் கிளம்பும் நுரை. இறால் குட்டை! மென்பொருள் எதைப் பார்த்து ஏமாந்ததோ, காற்றில் தண்ணீர் அலைந்தாலும் ரேடாரில் கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும்.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. ஏழில் ஆறுக்கு ‘உறுதி’ என்று எழுதினார். ஏழாவதற்கு ‘இருக்கலாம்’ என்று எழுதினார். மேலாளர் கூப்பிட்டு, வாடிக்கையாளர் கொடுத்த அட்டவணையில் நெல், நெல் இல்லை என்று இரண்டே பத்திதான் இருக்கிறது, ‘இருக்கலாம்’ எங்கே போடுவது என்று கேட்டார். அன்றைக்கு சுபேதார் சாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருபது வருடமாக அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே எது உறுதி, எது அநேகமாக, எது இருக்கலாம் என்று பிரித்து எழுதுவதைத்தான். அந்தப் பிரிப்புக்கு இங்கே பத்தியே இல்லை. சிவிலில் நீங்கள் முதலில் முட்டிக்கொள்ளப்போகும் சுவர் பைத்தான் இல்லை, இதுதான்.

சரி, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு வாடகைக் காரில் போனோம். ஆறும் இறால் குட்டைதான். ஏழாவது, வடிகால் தூர்ந்துபோய் நடவே செய்ய முடியாமல் தண்ணீர் நின்ற வயல். நெல்லும் இல்லை, இறாலும் இல்லை. அந்த விவசாயிக்கு ‘நெல் இருக்கிறது’ என்று கணக்கு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உட்படப் பலர் ரேடார் படங்களை வைத்துத்தான் நெல் பரப்பையும் விளைச்சலையும் மதிப்பிடுகிறார்கள், பயிர்க் காப்பீட்டிலும் அது பயன்படுகிறது. ஒரு கட்டத்துக்குத் தப்பான நிறம் விழுந்தால் ஒரு வீட்டுக்குப் பணம் வராது.

சுபேதார் சார் முதல் குட்டையின் கரையில் ஏறி இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். வெயில் கொளுத்தியது. என்ன சார் தேடுகிறீர்கள் என்றேன். ‘தம்பி, சர்வீஸ் முழுக்கப் படத்தில் பார்த்த இடம் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை’ என்றார்.

உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எல்லைக்கு அந்தப்பக்கம் போய்ச் சரிபார்க்க முடியாது. அதனால்தான் உங்கள் தொழில் நிழலையும் வடிவத்தையும் சுற்றுப்புறத்தையும் அவ்வளவு கசக்கிப் பிழியக் கற்றுக்கொடுத்தது. சிவிலில் அந்த இடத்துக்கு பஸ் போகிறது. போனால் மட்டும் போதாது, எத்தனை இடத்துக்குப் போனோம், அதில் எத்தனை தப்பு என்று கணக்கும் கொடுக்க வேண்டும். இங்கே ‘இருக்கலாம்’ என்பதற்கு உரிய இடம் அந்தத் துல்லியக் கணக்குதான். அதைப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். பைத்தான் அப்புறம் வரட்டும்.

இந்தப் பாதையில் முதலில் நடப்பது நீங்கள் இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பார்வையாளராகப் பறந்த ஓ.ஜி.எஸ். கிராஃபர்ட் என்பவர், 1920இல் அந்த நாட்டு நில அளவைத் துறையில் தொல்லியல் அலுவலராகச் சேர்ந்தார். 1923இல், இரண்டு வருடத்துக்கு முன் விமானப்படை எடுத்துப் போட்டிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் பழங்காலக் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து கிளம்பும் பழைய பாதையின் தொலைந்துபோன பகுதி உழுத நிலத்தில் இரண்டு இணைகோடாகத் தெரிந்தது. விமானம் ஓட்டியவர்கள் கண்ணிலும் பட்டிருக்கும், ஆனால் அவர்கள் அதைத் தேடவில்லை. கிராஃபர்ட் அத்தோடு விடாமல் அதே செப்டம்பரில் அங்கே போய்த் தோண்டி, மண்ணுக்குள் பள்ளம் இருப்பதைக் காட்டினார். வரலாறு படித்தவர் நீங்கள், இந்த ஆளைப் பற்றித் தேடிப் படியுங்கள்.

ஆட்கள் மட்டுமில்லை, ஃபிலிமே வேலை மாறியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பச்சை வண்ணத்துக்கும் வெட்டிப் போட்ட தழைக்கும் அடியில் ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்க அகச்சிவப்பு வண்ண ஃபிலிம் பயன்பட்டது. உயிருள்ள இலை அதில் சிவப்பாக விழும், வண்ணம் அப்படி விழாது. அதே வகை ஃபிலிமை வைத்து 1970இல் விஞ்ஞானி பிஷரோடியும் அவரோடு இருந்தவர்களும் ஹெலிகாப்டரிலிருந்து கேரளத்துத் தென்னந்தோப்புகளைப் படமெடுத்து வாடல் நோயைத் தேடினார்கள். தூரத்திலிருந்து படமெடுத்து நிலத்தை அறிவதை இந்தியாவில் தொலையுணர்வு என்று இன்று சொல்கிறோமே, அந்தத் துறை தொடங்கியது அங்கேதான். டாங்கியைத் தேடிய ஃபிலிம் தென்னையைத் தேடியது. அதற்கு யாரும் பட்டம் கேட்கவில்லை.

இப்போது பயோடேட்டா. 1923ஆம் வருடத்து அலுவல் ரகசியச் சட்டம் நீங்கள் சீருடையைக் கழற்றுவதால் உங்களை விட்டுவிடாது. இடத்தின் பெயர், எந்தச் செயற்கைக்கோள், எவ்வளவு நுணுக்கமான படம், எதைத் தேடினீர்கள் என்பதில் எதுவும் வேண்டாம். ‘ஒளிப்படமும் ரேடார் படமும் படித்த அனுபவம் 12 வருடம். ஒரே இடத்தின் வெவ்வேறு தேதிப் படங்களை ஒப்பிட்டு மாற்றம் கண்டறிதல். நேரக் கெடுவுக்குள் அறிக்கை. புதியவர்களுக்குப் பயிற்சி.’ இந்த நாலு வரி போதும். அதையும் யூனிட்டை விட்டு வருமுன் அங்கேயே காட்டிச் சரியென்று வாங்கிக்கொள்ளுங்கள். நேர்காணலில் யாராவது ஆர்வக்கோளாறில் தோண்டினால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். வாயை மூடத் தெரிந்தவர் என்று தெரிவதும் ஒரு தகுதிதான். தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். போகாதீர்கள்.

எங்கே தேடுவது என்றால், உங்கள் கண்ணுக்கு மிக நெருக்கமான வேலை என்று எனக்குத் தோன்றுவது சுரங்கக் கண்காணிப்பு. இந்தியச் சுரங்கப் பணியகம் 2016இல் ஒரு முறையைத் தொடங்கியது. குத்தகை எல்லையைச் சுற்றி 500 மீட்டருக்குள் புதிதாக ஏதாவது தோண்டல் தெரிகிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, சந்தேகம் வந்த இடத்துக்கு மாநில அதிகாரிகளை அனுப்புகிறார்கள். அப்படியே உங்கள் பழைய வேலைதானே? பயிர்க் காப்பீடு, வெள்ளச் சேதம், ஆக்கிரமிப்பு என்று மற்றதும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகப் படத்தில் பெட்டி பெட்டியாக வரைந்து கொடுக்கும் வேலைக்கும் கூப்பிடுவார்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பார்கள். உங்களை வரைகிறவராக அல்லாமல், மற்றவர் வரைந்ததைச் சரிபார்ப்பவராக எடுத்துக்கொண்டால் மட்டும் யோசியுங்கள்.

வரைபட மென்பொருளுக்கு க்யூஜிஐஎஸ் போதும், இலவசம். டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்துகிறது, சான்றிதழும் தருகிறது. விளம்பரம் கேட்கும் பட்டத்துக்கு அது ஈடில்லை. ஆனால் ‘இவருக்கு ஒன்றும் தெரியாது’ என்ற பேச்சை நிறுத்தும்.

மச்சான் சொன்ன வேலையைப் பற்றி. மகள் பத்தாவது போகிறாள், பென்ஷன் எவ்வளவு வரும் என்று உங்களுக்குத் தெரியும். கை கடித்தால் சேர்ந்துகொள்ளுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒரு வேலையைச் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், நேர்காணலில் தயங்காமல் எடுத்துக் காட்ட ஏதாவது வேண்டும்.

உங்கள் ஊர்க் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கொரோனா எடுத்த படங்களை 1995இல் பொதுவில் விட்டுவிட்டார்கள். நம் பக்கத்துப் படம் ஒன்றைத் தேடி எடுங்கள். பிறை மாதிரி வளைந்த கரையும், ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும் தடமும் கறுப்பு வெள்ளையில் தெரியும். அதன் பக்கத்தில் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் இன்றைய படத்தை வையுங்கள், ஒரு புள்ளிக்கு 10 மீட்டர்தான், ஆனால் அகச்சிவப்பு உண்டு. மே மாதத்துப் படமாக எடுங்கள். ஊரே காய்ந்து கிடக்கும்போது கண்மாய்க்குள் சிவப்பாகத் தெரிவது பயிராக இருக்க வழியில்லை, அநேகமாகச் சீமைக்கருவேலம்தான். ‘அநேகமாக’ என்றே எழுதுங்கள். எவ்வளவு பரப்பு என்று கணக்கெடுங்கள். அப்புறம் லீவில் வரும்போது ஒரு முப்பது இடத்தைக் குறித்துக்கொண்டு கரையில் இறங்கி நடந்து, எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எழுதுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அப்பா இத்தனை வருடம் என்ன வேலை பார்த்தார் என்பதில் சட்டம் அனுமதிக்கும் அளவு அவளுக்கும் தெரியட்டும். செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கருவேல முள் பொல்லாதது.

முடித்ததும் அந்தத் தப்புக் கணக்கை எனக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்