ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் உயர்கல்வியில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் உயர்கல்வி, வேலைப்பயிற்சி இரண்டிலும் எதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால், முதலில் சமுதாயக் கல்லூரிகள், அதாவது பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரிகள். மாநில நிதியை ஒதுக்குவது சட்டமன்றம்தான், அதனால் அவரால் உருப்படியாக ஏதாவது செய்ய முடிகிற இடம் இது. டென்னசி மாநிலத்தைப் பாருங்கள். 2014-இல் சட்டமான 'டென்னசி பிராமிஸ்' திட்டம், பள்ளி முடித்தவர்களுக்கு பெல் உதவித்தொகை (வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தருவது) போன்றவை போக மிஞ்சும் கல்விக் கட்டணத்தைக் கட்டுகிறது. பணம் லாட்டரி வருமானத்திலிருந்து வருகிறது. அப்புறம் 2018-இல், பட்டம் இல்லாத பெரியவர்களுக்கும் அதேபோல 'ரீகனெக்ட்' என்ற திட்டம் வந்தது. பகலெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, மாலையில் நோட்டுப் புத்தகத்தோடு வகுப்புக்கு வரும் நாற்பது வயதுக்காரருக்கு இது எவ்வளவு பெரிய கதவு!

சரி, கட்டணம் தீர்ந்தால் போதுமா? போதாது. புத்தகம், பெட்ரோல், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று செலவு நீள்கிறது. பலர் பாதியில் நிற்பது இங்கேதான்.

இன்னொன்று, சமுதாயக் கல்லூரியில் தேறிய கணிதத்தைப் பல்கலைக்கழகம் ஏற்காமல், அதே பாடத்துக்கு மறுபடி பணம் கட்ட வைப்பது. இது பெரிய அநியாயம். புளோரிடாவில் மாநிலம் முழுக்கப் பாடங்களுக்குப் பொதுவான எண் முறை இருக்கிறது. ஒரே எண்ணுள்ள பாடத்தை அரசுக் கல்லூரிகள் பரஸ்பரம் ஏற்க வேண்டும்.