தூக்கிச் செல்லக்கூடிய ட்யூப் ஆம்ப்: கிதார் கலைஞர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சென்னையில் நான்கு பேர் கொண்ட இசைக்குழுவில் கிதார் வாசிக்கிறேன். உணவகங்கள், 100 முதல் 150 பேர் வரை அமரும் அரங்குகள், சில சமயம் தேவாலய விழாக்கள் ஆகியவையே எங்கள் மேடைகள். என்னிடம் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற ஆம்ப் (கிதாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) இருக்கிறது. அதன் ஒலியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மாடிப்படி ஏற்றி இறக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. 15 கிலோவுக்குள் அடங்கும் ட்யூப் ஆம்ப், அதாவது வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப், வாங்க நினைக்கிறேன். 15 வாட் ஆம்ப் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்குமா? எதை வாங்கலாம்?

பதில்: ஈடுகொடுக்கும். ஆனால் எந்த வகை ஒலியில் ஈடுகொடுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். உங்கள் ட்வின் ரிவெர்ப் 85 வாட் ஆற்றலும் சுமார் 29 கிலோ எடையும் கொண்டது. அதை விட்டு 15 வாட்டுக்கு இறங்கினால் ஒலி ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்ற அச்சம் பலருக்கும் இருக்கிறது. காது அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆம்பின் ஆற்றல் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். கேட்பவருக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். 85 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 7.5 டெசிபல்தான். ட்வினில் 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு, சிறிய ஆம்பில் ஒன்று என்பதால் இன்னும் 2, 3 டெசிபல் குறையும் என்று வைத்துக்கொண்டாலும், மொத்தத்தில் நீங்கள் இழப்பது பாதியளவு ஒலி. நீங்கள் சொல்லும் இடங்களில் ட்வினின் வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்ப யாரும் விட்டிருக்க மாட்டார்கள் என்பதால், அந்தப் பாதி பெரும்பாலும் நீங்கள் பயன்படுத்தாமலே சுமந்து திரிந்த பாதிதான்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. ட்யூப் ஆம்ப் ஓர் எல்லை வரை சுத்தமான ஒலியைத் தரும். அந்த எல்லையைத் தாண்டியதும் ஒலி மெல்லக் கரகரக்கத் தொடங்கி ஓவர்டிரைவாக மாறும். ப்ளூஸ், ராக் வாசிப்பவர்கள் இந்தக் கரகரப்புக்காகவே ட்யூப் ஆம்பைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு 15 வாட் தாராளம். மெல்லிசைப் பாடல்களில் மணி போன்ற தெளிந்த ஒலியில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) வாசிக்க வேண்டியவருக்கு, பக்கத்தில் பலமாக அடிக்கும் டிரம்ஸ் கலைஞர் இருந்தால், 15 வாட் ஆம்ப் அந்தத் தெளிவைக் கடைசி வரை காப்பாற்றாது. ஆகவே வாட் எண்ணைப் பார்ப்பதற்கு முன், டிரம்ஸுடன் வாசிக்கும்போது உங்களுக்கு முழுக்கச் சுத்தமான ஒலி எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்பீக்கரைப் பற்றி வாங்குபவர்கள் கேட்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஒரு வாட் ஆற்றலுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் ஒலி தருகிறது என்பதே அதன் உணர்திறன். செலஸ்டியன் கிரீன்பேக்கின் உணர்திறன் 98 டெசிபல். அதே நிறுவனத்தின் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 100 டெசிபல். உணர்திறன் 3 டெசிபல் கூடிய ஸ்பீக்கர், 15 வாட் ஆம்பை 30 வாட் ஆம்பைப் போல ஒலிக்கச் செய்யும். மின்செலவு அதிகரிக்காது. அதோடு, நியோடைமியம் காந்தம் வைத்த ஸ்பீக்கர்கள் வழக்கமான செராமிக் காந்த ஸ்பீக்கர்களைவிட ஏறத்தாழ பாதி எடைதான். இப்போதைக்குக் கைக்கு அடங்கிய ஆம்பை வாங்கிவிட்டு, பிறகு ஸ்பீக்கரை மட்டும் மாற்றி ஒன்றிரண்டு கிலோ இறக்கிக்கொள்ளலாம். ஸ்பீக்கரின் மின்தடையைக் குறிக்கும் ஓம் அளவு மட்டும் ஆம்பின் பின்புறத்தில் குறித்திருப்பதோடு பொருந்த வேண்டும்.

மற்ற எடையெல்லாம் எங்கே இருக்கிறது? மின் டிரான்ஸ்பார்மர், ட்யூப்களிலிருந்து ஸ்பீக்கருக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர், பெட்டியின் மரம் ஆகிய மூன்றில் இருக்கிறது. ஆகவே வாட்டை வைத்து எடையை ஊகிக்கக் கூடாது. வாக்ஸ் ஏசி15 கஸ்டம் 15 வாட்தான், ஆனால் 22 கிலோ இருக்கும். 22 வாட் தரும் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் அதைவிடக் குறைவாக 19 கிலோவில் நிற்கிறது. ஆம்பை விலை பேசுவதற்கு முன் ஒரு கையால் தூக்கிக்கொண்டு கடையின் படிகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். கைப்பிடி நடுவில் இல்லாமல் எடை ஒரு பக்கம் சாயும் ஆம்ப், தராசில் இரண்டு கிலோ குறைவாக இருந்தாலும் கைக்குக் கூடுதலாகத்தான் தெரியும்.

உங்கள் 15 கிலோ வரம்புக்குள் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர். இரண்டு இஎல்84 ட்யூப்கள், 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், ஸ்பிரிங் ரிவெர்ப் (பெரிய அறையின் எதிரொலி போன்ற விளைவு), ஏறத்தாழ 14 கிலோ. பெடல்களை (காலால் இயக்கி ஒலியை மாற்றும் கருவிகளை) நன்றாக ஏற்றுக்கொள்ளும். பெடல்களை ஆம்பின் சுற்றுக்கு நடுவே இணைக்க உதவும் எஃபெக்ட்ஸ் லூப் கிடையாது; ஒரே சேனல்தான் (தனி ஒலி அமைப்பு). ட்வினின் ஒலியில் பழகிய காதுக்கு இதன் நடு அலைவரிசை சற்று முன்னால் நிற்பதாகத் தோன்றும். ட்வினின் குடும்ப ஒலியே வேண்டுமென்றால் 6வி6 ட்யூப்கள் கொண்ட பிரின்ஸ்டன் ரிவெர்ப் இருக்கிறது. எடை 15 கிலோவைச் சற்றே தாண்டும். அதில் 10 அங்குல ஸ்பீக்கரும் 12 முதல் 15 வாட் வரையிலான ஆற்றலும்தான் என்பதால், மைக் வைக்காத மேடையில் டிரம்ஸுக்கு முன் அது திணறும். வாக்ஸ் ஏசி10 இன்னும் இலகு, சுமார் 12 கிலோ. பளிச்சென்ற ஒலி, ஆனால் சுத்தமான ஒலிக்கு இடம் மிகக் குறைவு. மார்ஷல் டிஎஸ்எல்20 காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) 16 கிலோவை ஒட்டி வரும், இரண்டு சேனல்கள் உண்டு. ராக் அதிகம் வாசித்தால் ஒன்றிரண்டு கிலோவைப் பொறுத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.

இன்னொரு வழி, ஹெட்டையும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) கேபினெட்டையும் (ஸ்பீக்கர் பெட்டி) தனித்தனியாக வாங்குவது. 2006இல் வந்த ஆரஞ்ச் டைனி டெரர் இந்த வகைக்குப் பெரிய வரவேற்பைப் பெற்றுத் தந்தது. 15 வாட் தரும் அந்த ஹெட்டின் எடை 6 கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் ஹெட், மறு கையில் ஒரே ஸ்பீக்கர் கொண்ட கேபினெட் என்று எடை இரு பக்கமும் பிரிவதால் முதுகு தப்பிக்கும். ஆனால் எந்த ட்யூப் ஆம்பையும் ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கக் கூடாது. கேபிளை மறந்து ஸ்விட்ச் போட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோக வாய்ப்புண்டு, அதுவோ ஆம்பில் விலை கூடிய உறுப்புகளில் ஒன்று.

அரங்கில் மிக்ஸரும் பெரிய ஸ்பீக்கர்களும் இருந்தால் ஆம்பின் முன் ஒரு மைக்கை வைத்துவிடுங்கள். கூட்டத்தின் கடைசி வரிசைக்கு ஒலியைக் கொண்டுசெல்வது மிக்ஸரின் வேலையாகிவிடும், ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ் கலைஞருக்கும் கேட்டால் போதும். ஆம்பைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியின் மேல் சற்றுச் சாய்த்து வைத்தால் ஒலி முழங்காலுக்குப் போகாமல் காதுக்கு வரும். இதைச் செய்யாமல் பெரிய ஆம்புக்குக் காசு செலவிடுபவர்கள் நிறையப் பேர். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மைக் கிடைக்கும் மேடைகளே அதிகம் என்றால் ப்ளூஸ் ஜூனியரும், மைக் இல்லாமல் சுத்தமான ஒலியில் வாசிக்க வேண்டிய மேடைகளே அதிகம் என்றால் வரம்பைத் தளர்த்தி டீலக்ஸ் ரிவெர்பும் வாங்குவேன்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வரும்போது ஆம்ப் வாங்கி வருவதாகச் சொல்கிறார். அங்கே விலை குறைவு. வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்: ஆம்பின் பின்தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். அமெரிக்காவில் விற்கும் ஆம்ப் பெரும்பாலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அப்படியே இணைத்தால் ஃபியூஸ் போவது நல்ல நேரம் என்றே சொல்ல வேண்டும். ட்யூப்களும் டிரான்ஸ்பார்மரும் போவது கெட்ட நேரம். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி ஓட்டலாம் என்பார்கள். ஆனால் ட்யூப் ஆம்ப் வெளியிடும் வாட்டைப் போலப் பல மடங்கு ஆற்றலை மின்னிணைப்பிலிருந்து இழுக்கும். அதற்குத் தாங்கும் டிரான்ஸ்பார்மர் சில கிலோ எடை இருக்கும். இலகுவான ஆம்ப் தேடுபவர் அதையும் ஒவ்வொரு மேடைக்கும் சுமக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கென்றே கட்டிய டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதும் கவனிக்க வேண்டியது. உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். விலை வேறுபாடு கணிசமாக இல்லாவிட்டால் இங்கேயே 230 வோல்ட் ஆம்பை வாங்குங்கள்.

திறந்தவெளி நிகழ்ச்சிகளில் ஜெனரேட்டரை நம்பி வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்யூபைச் சூடாக்கும் உள் இழையான ஹீட்டர் 6.3 வோல்ட்டில் எரிய வேண்டும். ஜெனரேட்டர் 230க்குப் பதில் 255 வோல்ட் தந்தால் அது 7 வோல்ட்டை நெருங்கிவிடும், ட்யூபின் ஆயுளும் குறையும். ஆம்பை இணைப்பதற்கு முன் பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறிய வோல்ட்மீட்டரில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதன் விலை ஒரு ட்யூபின் விலையைவிடக் குறைவு.

கேள்வி: பழைய ட்யூப் ஆம்ப் ஒன்று விலைக்கு வருகிறது. நேரில் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: உங்கள் சொந்தக் கிதாரையும் கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஆம்பை ஓடவிட்டு வைத்திருக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து எப்படிக் கிளம்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் போட்டு இரண்டு நிமிடம் கழித்து, கிதாரை இணைக்காமல் வால்யூமைக் கூட்டிக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் இயல்பு. கனத்த ரீங்காரம் வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் மூப்படைந்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வந்தால் அது தூசியாக இருக்கும், பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பிறகு ஒரு பென்சிலால் முன்நிலை ட்யூப்களை (கிதாரின் ஒலியை முதலில் பெருக்கும் சிறிய ட்யூப்களை) மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கணீரென்று மணியோசை போல எதிரொலித்தால் அந்த ட்யூப் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது. ஸ்பீக்கரை இயக்கும் பவர் ட்யூபின் உள்ளிருக்கும் உலோகத் தகடு செந்நிறமாகப் பழுத்தால் உடனே அணைத்துவிட்டு வந்துவிடுங்கள். அரை மணி நேரமாவது தொடர்ந்து வாசியுங்கள், ஏனென்றால் சூடேறிய பிறகே வெளிப்படும் கோளாறுகள் பல.

பின்மூடியைக் கழற்றி உள்ளே கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் பல நூறு வோல்ட் தேங்கி நிற்கும். அது உயிரைப் பறிக்கக்கூடியது. ரீங்காரத்தைக் குறைப்பதற்காக எர்த் பின்னை வெட்டிய பிளக்கைக் கண்டால், மின்பொறியாளர் அதைச் சரிசெய்யும் வரை அந்த ஆம்பில் கிதாரை இணைக்கவே வேண்டாம்.

கேள்வி: டிஜிட்டல் ஆம்பே இலகுவாகக் கிடைக்கும்போது ட்யூப் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

பதில்: எடை ஒன்றே அளவுகோல் என்றால் நண்பர்கள் சொல்வது சரி. 2019இல் வந்த ஃபெண்டர் டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப், அதன் ட்யூப் மூலத்தைப் போலவே ஒலிக்க முயலும் டிஜிட்டல் ஆம்ப். எடை 10 கிலோவை ஒட்டித்தான். மாற்ற ட்யூப் இல்லை. கூட்டத்தில் அமர்ந்து கேட்பவர் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது அரிது. ஆனால் மீட்டும் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கரகரத்துத் தெளியும் ட்யூபின் இயல்பு வாசிப்பவரின் கையில் தெரியும், அது வாசிப்பையே மாற்றும். இரண்டையும் ஒரே அறையில் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்து உங்கள் கைக்கு வேறுபாடு தெரியவில்லை என்றால் இலகுவானதை வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாண்டுகளுக்குப் பின் பழுதுபார்ப்பதில் ட்யூப் ஆம்புக்கே வசதி அதிகம் என்பது என் கருத்து; உறுப்புகள் எளியவை, எங்கும் கிடைப்பவை.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ட்யூப் ஆம்ப் வந்தபோதே ஒரு ட்யூப் உடைந்திருந்தது. ட்யூப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று விற்பவர் கைவிரிக்கிறார்.

பதில்: ட்யூப் தேயும் பொருள் என்பதால் பல நிறுவனங்கள் அதற்கு 90 நாள் போன்ற குறுகிய உத்தரவாதமே தருகின்றன, அது பயன்பாட்டில் பழுதாவதற்கு. பெட்டியைத் திறக்கும்போதே உடைந்திருப்பது குறைபாடுள்ள பொருளை அனுப்பியதாகும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அத்தகைய பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. பெட்டியைத் திறக்கும்போது எடுத்த காணொளி, உடைந்த ட்யூபின் படம், ரசீது ஆகியவற்றோடு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்பது விதி. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அதுவரை அந்த ஆம்பை வேறு ட்யூப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். பிறகு அந்த ஒரு காரணத்தையே காட்டிப் புகாரைத் தள்ளிவிடுவார்கள்.